சொந்த மண்ணில் நடக்காத சொந்த ஆட்டங்கள்: மடகாஸ்கர் கால்பந்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மலகாசி கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும், மடகாஸ்கர் விளையாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பில் மைதானங்களுக்கு அனுமதி வழங்கும் குழுவினருக்கும்,

மார்ச் 24, 2025 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மடகாஸ்கர் கானாவிடம் 0–3 என்று தோற்றது. தோற்றதைப் பற்றிப் புகார் சொல்ல வரவில்லை. கானாவின் பார்ட்டேயும் குடூஸும் ஆடினார்கள், நம்மவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அட்டவணைப்படி அது மடகாஸ்கரின் சொந்த மைதான ஆட்டம். நடந்த இடமோ மொராக்கோவின் வடகோடியில் இருக்கும் அல் ஹொசைமா. நம் தலைநகர் அன்டனானரிவோவிலிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். இது முதல் முறையும் இல்லை. கொஞ்ச காலமாகவே பரேயா என்று அழைக்கப்படும் நம் தேசிய அணியின் சொந்த ஆட்டங்கள் மொராக்கோவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து வருகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரியும்: சர்வதேச ஆட்டம் நடத்தத் தகுதி பெற்ற மைதானம் இந்த நாட்டில் இல்லை.

நான் திருப்பூர்க்காரன். அன்டனானரிவோவில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு செம்மண் திடலில் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சியாளர் சான்றிதழெல்லாம் கிடையாது, விசில் இருக்கிறது. இந்த மடலின் பிரெஞ்சுப் பிரதி உங்களுக்குத் தனியே வரும். தமிழிலும் பொதுவில் வைக்கிறேன், ஏனென்றால் இங்கே தையல் ஆலைகளில் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் இந்த அணிக்காகக் கத்தித் தொண்டை கட்டியவர்கள். அவர்களுக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அனிசே ஆபெல் என்ற நடுக்கள ஆட்டக்காரரை வைத்தே இதைப் பேச நினைக்கிறேன். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டார். அவருடைய முழுப்பெயர் அன்ட்ரியனன்டனைனா அனிசே ஆபெல். 1990இல் அன்டனானரிவோவில் பிறந்தவர். ஆட்டக்காரராகப் பெயர் எடுத்ததெல்லாம் பல்கேரியாவில்: சிஎஸ்கேஏ சோஃபியா, போடெவ் ப்ளோவ்டிவ், அப்புறம் லுடோகோரெட்ஸ். லுடோகோரெட்ஸோடு பல்கேரிய லீக் பட்டங்களை வென்றார், ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆடினார். 2016 நவம்பரில் ஆர்செனலை எதிர்த்து அந்த அணி 2–0 என்று முன்னிலை பெற்று, கடைசி நேரத்தில் ஓசில் அடித்த கோலால் 2–3 என்று தோற்றதே, அந்தக் காலத்து நடுக்களத்தில் அவரும் ஒருவர்.

ஆனால் மடகாஸ்கர்க்காரர்களுக்கு அனிசே என்றால் 2019 ஜூன் 22, அலெக்சாண்ட்ரியா, கினியாவுக்கு எதிரான ஆட்டத்தின் 49ஆவது நிமிடம். ஆப்பிரிக்கக் கோப்பையின் முதன்மைச் சுற்றில் இந்த நாடு ஆடிய முதல் ஆட்டம் அது, அதில் நாட்டின் முதல் கோல் அவருடையது. அதுவரை வெளியூர்க்காரர்களிடம் மலகாசி கால்பந்து என்று சொன்னால், 2002இல் உள்ளூர் லீக்கில் ஓர் அணி நடுவரைக் கண்டித்துத் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்து அடித்து 149–0 என்று தோற்ற கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் ஆலைக்கு வரும் ஐரோப்பியக் கொள்முதல்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லுவார். 2019க்குப் பிறகு சொல்வதில்லை.

போட்டியில் அணிகளின் எண்ணிக்கையை 24 ஆகக் கூட்டியதால்தான் மடகாஸ்கர் உள்ளே வந்தது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. சரி, உள்ளே வந்தபின் என்ன நடந்தது? கினியாவோடு 2–2. புருண்டியை மார்கோ இலைமஹரிட்ராவின் ஃப்ரீ கிக்கால் 1–0. மூன்று முறை கோப்பை வென்ற நைஜீரியாவை 2–0. பிறகு காங்கோ ஜனநாயகக் குடியரசோடு 2–2, பெனால்ட்டியில் வெற்றி. அந்த ஆட்டத்தின் 9ஆவது நிமிடத்தில் இப்ராஹிம் அமாடா தொலைவிலிருந்து அடித்த பந்தைப் பார்த்த யாரும் எண்ணிக்கைக் கணக்கு பேச மாட்டார்கள். காலிறுதியில் துனிசியாவிடம் 0–3 என்று வெளியேறினாலும் வரவேற்பு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் சாலை முழுக்க ஆட்கள்.

அனிசே, அமாடா, இலைமஹரிட்ரா. மூவருமே நடுக்கள ஆட்டக்காரர்கள். அந்தப் போட்டியில் மூவரும் கோல் அடித்தார்கள். மூவரும் சம்பளம் வாங்கியது வெளிநாட்டுக் கிளப்புகளில்: ஒருவர் பல்கேரியாவில், ஒருவர் அல்ஜீரியாவிலும் கத்தாரிலும், இன்னொருவர் பிரான்சில் பிறந்து பெல்ஜியத்தில் ஆடியவர். அன்டனானரிவோவில் ஒரு சிறுவன் இவர்களை நேரில் பார்க்க ஒரே வழிதான் இருந்தது: தேசிய அணி சொந்த ஊருக்கு வந்து ஆடும் நாள். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

தொலைக்காட்சி இருக்கிறதே, கைப்பேசி இருக்கிறதே என்று உங்களில் யாராவது சொல்லலாம். கோல் அடிப்பவனைக் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும், ஒத்துக்கொள்கிறேன். நடுக்கள ஆட்டக்காரனை முடியாது. என் ஞாயிறு அணியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், எங்கள் ஆலையில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பெண்மணியின் மகன். கால் அப்படிப் பேசும். ஆனால் பந்து எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுகிறான். இடது ஓரத்துக்குப் போனால் அங்கே, வலது ஓரத்துக்குப் போனால் அங்கே. பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நிற்பான். எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது: அவன் கால்பந்து கற்றதெல்லாம் அம்மாவின் கைப்பேசியில் வரும் துண்டு வீடியோக்களில். கேமரா பந்தைவிட்டு நகராது. அதனால் அவனுக்கு ஆட்டம் என்றாலே பந்து இருக்கும் இடம்தான்.

தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் அனிசேவைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தேன். பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது அவர் ஓடவில்லை, நடந்தார். யாருமில்லாத ஓர் இடத்துக்கு, அவசரமில்லாமல். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, கொஞ்சம் கழித்து இன்னொரு பார்வை. பந்து காலில் பட்டபோது அடுத்து எங்கே தட்டவேண்டும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு தொடுதல், பந்து போய்விட்டது. மறுபடி நடை. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் முன்னே ஏறியதும் அவர் விட்டுவந்த ஓட்டையில் போய் நின்றார். அங்கே பந்து வரவே இல்லை, ஆனால் வந்திருந்தால் அவர் இருந்தார். இதில் ஒன்றுகூடத் திரையில் வந்திருக்காது. என் பையனுக்கு இதைக் காட்ட எனக்கு ஒரு கேலரி வேண்டும். மொராக்கோவில் இருக்கும் கேலரி உதவாது. அவன் அம்மாவின் மாதச் சம்பளம் இரண்டரை லட்சம் அரியாரிக்குச் சற்று மேல். அதில் அரிசி வாங்கி, வாடகை கொடுத்து, டாக்ஸி-பே என்னும் சிற்றுந்தில் வேலைக்கு வந்துபோன பிறகு மிஞ்சுவதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் அனிசேவின் கிளப் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்து வைக்கிறேன். லுடோகோரெட்ஸின் ஊர் ராஸ்கிராட். மக்கள்தொகை முப்பதாயிரத்தைச் சுற்றி. 2014இல் அந்தக் கிளப் முதன்முதலாக சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குள் வந்தபோது அதன் ஊர் மைதானம் ஐரோப்பிய விதிகளுக்குப் போதவில்லை. ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும் வந்து ஆடியது ராஸ்கிராட்டில் இல்லை, தலைநகர் சோஃபியாவின் வசீல் லெவ்ஸ்கி மைதானத்தில். ஊர்க்காரர்கள் 350 கிலோமீட்டர் பயணம் செய்து தங்கள் அணியின் சொந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆர்செனல் வந்த 2016இலும் அதே கதை. ஆனால் அந்தக் கிளப் சும்மா இருக்கவில்லை. ஊர் மைதானத்தைப் பகுதி பகுதியாக எடுத்துக் கட்டிக்கொண்டே வந்தது. 2018 பிப்ரவரியில் யூரோப்பா லீக்கில் ஏசி மிலான் ராஸ்கிராட்டுக்கே வந்து ஆடியது. பத்தாயிரம் பேர் உட்காரும் சின்ன மைதானம்தான். போதுமானதாக இருந்தது. பின்னால் பணக்கார உரிமையாளர் இருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சிற்றூர்க் கிளப்பால் என்ன குறை என்று கேட்டு, பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தீர்க்க முடிந்ததென்றால், ஒரு நாட்டின் அமைச்சகத்தால் ஏன் முடியவில்லை?

நம்மிடம் மைதானமே இல்லை என்றாலாவது மனசு ஆறும். மஹமசினா இருக்கிறது. அனோசி ஏரிக்கு அருகில், பழைய அரண்மனைக் குன்றின் அடியில், நகரத்தின் நட்டநடுவில். 2019க்குப் பிறகு பெரும்பணம் செலவழித்து இடித்துக் கட்டி, முன்பு 22,000 பேர் கொள்ளும் என்றிருந்ததை 40,000 பேருக்கு ஆக்கி, பரேயா என்று பெயரும் வைத்தீர்கள். உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மஹமசினாவில் ஆட்கள் செத்தது கேலரியில் இல்லை.

2018 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, செனகல் வந்த நாள். சாடியோ மானேயைப் பார்க்க விடியற்காலையிலிருந்தே வரிசை. நானும் ஆலைக்காரர்கள் சிலரோடு நின்றேன். வேர்க்கடலையைக் காகிதக் கூம்பில் போட்டு விற்ற கிழவி ஒருத்தி எங்களுக்கு முன்னால். நேரம் ஆக ஆக, பின்னால் வருபவர்களின் எடை முதுகில் தெரிய ஆரம்பித்தது. தள்ளுகிறார்கள் என்று சொல்ல முடியாது, யாரும் கை வைத்துத் தள்ளவில்லை. கூட்டமே நகர்ந்தது, நம் கால் தரையில் பட்டும் படாமலும். கிழவியின் கூடை தலைக்கு மேலே போனது, பிறகு கூடை மட்டும் தெரிந்தது. சுவரோரமாக இருந்த ஒரு பையன் கம்பியில் ஏறிக்கொண்டு கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டான். நாங்கள் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிட்டோம். நுழைவாயில் பக்கம் ஒருவர் இறந்தார், நாற்பது பேர் அளவுக்குக் காயம் என்று மாலையில் செய்தி வந்தது. அத்தனை ஆயிரம் பேருக்கு ஒரே ஒரு வாயிலைத்தான் திறந்திருந்தார்கள் என்று வந்தவர்கள் அன்றே சொன்னார்கள். உள்ளே ஆட்டம் 2–2.

2019 ஜூன் 26, சுதந்திர தினம். அனிசே கினியாவுக்கு எதிராகக் கோல் அடித்து நான்கே நாள். நாடே கொண்டாட்டத்தில் இருந்தது. அதே மைதானத்தில் இசை நிகழ்ச்சி, அதே நுழைவாயில் நெரிசல், குறைந்தது 15 பேர் இறந்தார்கள். மறுநாள் புருண்டியை வென்றபோது ஆலையில் யாருக்கும் முழுசாகச் சிரிக்க வரவில்லை.

2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. புதுப்பித்த மைதானத்தில் இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுகளின் தொடக்க விழா. மறுபடியும் நுழைவாயில். குறைந்தது 12 பேர் மரணம், 80 பேர் அளவுக்குக் காயம். திங்கட்கிழமை எங்கள் கட்டிங் பிரிவில் ஒருவர் கணுக்காலில் கட்டோடு வந்தார். செருப்பு ஒன்று தொலைந்துவிட்டது, திரும்பிப் போய்த் தேடினால் அங்கே செருப்புகள் குவிந்து கிடந்தன, தன்னுடையதை எடுக்க மனம் வரவில்லை என்றார்.

ஐந்து வருடத்தில் மூன்று முறை, மூன்றுமே வாசலில். நடுவில் நீங்கள் கட்டியதோ கேலரி. இதைச் சொல்ல நான் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் ஆலையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வேலை முடிந்து வெளியே வருகிறார்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எத்தனை பேருக்கு ஒரு வழி, நடைபாதையில் துணி மூட்டை வைக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களின் தணிக்கையாளர்கள் டேப் வைத்து அளந்து பார்க்கிறார்கள். ஒரு கதவு உள்பக்கம் திறந்தால் ஆர்டர் நின்றுவிடும். டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு கெடுபிடி.

ஆகவே மைதானத்துக்கு அனுமதி மறுக்கப்படுவதை நான் எதிர்க்கவில்லை. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் குழுவினருக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பரிதாபப்பட்டு விதியைத் தளர்த்தாதீர்கள். நான் கேட்பது வேறு. இந்த மைதானம் எதில் தேறவில்லை என்று டிக்கெட் வாங்கும் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. விளக்கா, உடைமாற்றும் அறையா, இருக்கையா, வாசலா? டீக்கடைக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். நான் விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில் ஒருவர் புல்தரை என்றார், அடுத்த மேசைக்காரர் மின்விளக்கு என்றார், மூன்றாமவர் அடுத்த வாரம் வரச் சொன்னார். பரிசோதனை அறிக்கை என்று ஒன்று இருக்குமே, அதைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அது உள் ஆவணம் என்று பதில். எங்கள் வரிப்பணத்தில் கட்டிய வாசலைப் பற்றி எழுதிய காகிதம் எங்களுக்கு எப்படி உள் ஆவணம் ஆகும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உள்ளூர் லீக் ஆட்டக்காரர்களை மட்டும் கொண்ட அணி 2023 தொடக்கத்தில் அல்ஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்க தேசங்களின் சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடம் பிடித்தது. கானாவையும் சூடானையும் மொசாம்பிக்கையும் வென்றார்கள். சம்பளம் குறைவு, திடல் மோசம், அப்படியும். ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆடத் தெரிந்தவர்களும் பார்க்கத் துடிப்பவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் வாசல்தான் உங்கள் பொறுப்பு.

என் கோரிக்கைகள் இவை.

அமைச்சர் அவர்களே, மஹமசினா பற்றிய கடைசிப் பரிசோதனை அறிக்கையை அப்படியே வெளியிடுங்கள். பிரெஞ்சில் மட்டும் போதாது, மலகாசியிலும் வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார் பொறுப்பு, எவ்வளவு செலவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, மாதம் ஒருமுறை எது முடிந்தது, எது நிற்கிறது என்று அறிவியுங்கள். 2018, 2019, 2023 நெரிசல்களைப் பற்றி விசாரித்தவர்கள் கண்டதையும் வெளியிடுங்கள். வாசல்களை அகலப்படுத்துவது, பக்கவாட்டில் தப்பும் வழி, மைதானத்துக்கு வெகு முன்னாலேயே டிக்கெட் சரிபார்ப்பது, எண்ணிட்ட இருக்கை, கொள்ளளவுக்கு மேல் ஒரு டிக்கெட்கூட விற்காமல் இருப்பது: இவை முடியாமல் மஹமசினாவில் பந்தாட்டமோ பாட்டுக் கச்சேரியோ அரசு விழாவோ எதுவும் நடத்தாதீர்கள்.

கூட்டமைப்புத் தலைவர் அவர்களே, ஒவ்வொரு சொந்த ஆட்டத்தையும் வெளிநாட்டில் நடத்த ஆகும் செலவையும் அதைக் கொடுப்பது யார் என்பதையும் கணக்கோடு சொல்லுங்கள். நாற்பதாயிரம் பேருக்கான மைதானம் தயாராகும் வரை பத்தாயிரம் பேருக்கான ஒன்றைத் தலைநகரிலோ துறைமுக நகரமான டோமாசினாவிலோ தகுதிக்குக் கொண்டுவரும் திட்டத்தை எழுத்தில் தாருங்கள். ஊர் திரும்பும் முதல் சர்வதேச ஆட்டத்தில் ஒரு முழுக் கேலரியைச் சிறுவர் அணிகளுக்கு இலவசமாக ஒதுக்குங்கள், மேல் கேலரியாக இருக்கட்டும், அங்கிருந்துதான் களம் முழுதும் தெரியும். அன்று 2019இன் நடுக்களத்தினரை அழையுங்கள். பதக்கமும் உரையும் வேண்டாம், இடைவேளையில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு களத்தில் விடுங்கள்.

ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் குழுவினரே, ஒரு மைதானத்தை நிராகரிக்கும்போது அதன் காரணங்களை அந்த நாட்டு மக்களும் படிக்கும்படி வெளியிடுவதை விதியாக்குங்கள். பாதுகாப்பு விதிகள் அனைத்தையும் நிறைவேற்றிய ஒரு பகுதியை மட்டும் திறந்து, குறைந்த கூட்டத்தோடு ஆட அனுமதி கேட்டு மடகாஸ்கர் விண்ணப்பித்தால் அதைத் தனியாக ஆய்வு செய்யுங்கள்.

அடுத்த சொந்த ஆட்டத்துக்கான இடத்தை அறிவிக்கும் முன்பு இதற்கு மூவரும் பொதுவில் பதில் தர வேண்டும். அதுவரை, அறிக்கையைக் கேட்டு நான் எந்த அலுவலகத்தில், யாருடைய மேசைக்கு வரவேண்டும் என்பதையாவது தெரியப்படுத்துங்கள். வேலை நாள் என்றாலும் பரவாயில்லை, விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அன்டனானரிவோவிலிருந்து ஒரு பின்னலாடை ஆலைக்காரன்